குளிர் காலடியில், ஓட்டை தலைக்கு மேலே

எங்கள் கூடத்தில் ஒரு கம்பை நிறுத்தி, அதில் இரண்டு வெப்பமானிகளைக் கட்டி வைத்திருக்கிறேன். ஒன்று தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்திலும் மற்றது 110 செ.மீ. உயரத்திலும் இருக்கின்றன, நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கணுக்காலும் தலையும் ஏறத்தாழ இந்த உயரங்களில்தான் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே 3 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது கட்டடங்களுக்கான வெப்ப வசதித் தரங்களில் வழங்கும் அளவு. வீட்டில் குளிர்காற்று நுழையும் இடுக்குகளை அடைத்து, கூரைக்குக் கீழே வெப்பக் காப்பு போடும் வேலையைத் தொடங்கிய இரவில் மேலே 21 டிகிரியும் கீழே 15.5 டிகிரியும் காட்டின. நேற்றிரவு, வெளியே ஏறத்தாழ அதே குளிரும் உள்ளே ஹீட்டர் அதே நிலையிலும் இருக்கும்போது, மேலே 21, கீழே 19. இந்த மூன்றரை டிகிரிக்கு ஆறு வார இறுதிகள் ஆயின. அவற்றில் இரண்டரை வார இறுதிகள், வரிசை தெரியாமல் வேலை செய்ததாலேயே வீணாயின. அந்த இரண்டரையையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் தவறு முதல் நாளிலேயே நடந்துவிட்டது. வீடு குளிர்கிறதென்றால் மேலே பஞ்சு போட வேண்டும் என்று எங்கோ கேட்டதை நம்பி, எதையும் சோதிக்காமல், வெப்பக் காப்புக்கான கண்ணாடிப் பஞ்சு (glass wool) சுருள்களை வாங்கி வந்து, கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள பரணில் விரித்தேன். 42 சதுர மீட்டர் பரப்புக்கு 100 மி.மீ. தடிமனில் ஓர் அடுக்கு. ஒரு நாள் முழுவதும் குனிந்தபடியே வேலை. மறுநாள் முதுகு நிமிரவில்லை. வெப்பமானியில் தெரிந்த மாற்றம் அரை டிகிரி. கூடத்தில் அமர்ந்திருந்த அம்மா, காலில் இன்னும் காற்று படுகிறது என்றார். அவர் சொன்னது சரி. ஆனால் அந்தக் காற்று எங்கே நுழைகிறது என்பதை மட்டும் தேடினேனே தவிர, அது எங்கே வெளியேறுகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நுழைந்த காற்று வெளியேறாமல் அடுத்த காற்று நுழைய முடியாது என்ற எளிய விஷயம் விளங்க மேலும் மூன்று வாரங்கள் ஆயின.

கசிவு தேடுவதற்கு ஊதுபத்தியைவிட எளிய கருவி இல்லை. ஆனால் காற்றடிக்காத நாளில் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றினால் பயன் குறைவு. முதல் சுற்றில் நான் கண்டுபிடித்தவை நான்கு இடங்கள் மட்டுமே. அடுத்த முறை, வெளியே காற்று வீசிய ஒரு மாலையில், எல்லா ஜன்னல்களையும் வெளிக்கதவுகளையும் சாத்திவிட்டு, உள்ளறைக் கதவுகளைத் திறந்து வைத்து, சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓடவிட்டேன். அவை உள்காற்றை வெளியே இழுக்க, வீட்டின் ஒவ்வோர் இடுக்கும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கத் தொடங்கியது. புகை நேராக எழாமல் சாய்ந்த இடங்களிலெல்லாம் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒரு துண்டு கிழித்து ஒட்டி, எண் எழுதினேன். மொத்தம் 31 எண்கள். இந்தச் சோதனையில் ஓர் எச்சரிக்கை: எரிவாயுவிலோ விறகிலோ எரிந்து புகைபோக்கி வழியே புகை வெளியேற்றும் சாதனம் வீட்டில் இருந்தால், ஃபேன்களை ஓடவிடும் முன் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஃபேன் அந்தப் புகையையே திருப்பி அறைக்குள் இழுத்துவிடும். எங்கள் சமையலறையில் அப்படியொரு வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் இன்னொரு வெட்கக்கேடும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்களில் பாதிக்கு மேல் ஜன்னல்களில் இருந்ததால் அங்கிருந்து தொடங்கினேன். கடையில் கிடைத்த மலிவான நுரைப்பட்டையை, பின்புறத் தாளை உரித்து, சட்டத்தைச் சுற்றி ஒட்டினேன். மூன்று ஜன்னல்களில் இரண்டின் தாழ்ப்பாள் விழ மறுத்தது. தோளால் அழுத்தித்தான் சாத்த முடிந்தது. மூன்றாவதில் பட்டை இடைவெளியைத் தொடவே இல்லை. இடைவெளியை அளக்காமல் பட்டை வாங்கியதன் விளைவு இது. பத்து நாளில் அழுத்தம் தாங்காமல் நுரை சப்பையாகிவிட்டதால், ஒரு மாலை முழுவதும் அதைச் சுரண்டி எடுத்தேன்.

சாத்திய ஜன்னலின் உள் இடைவெளியை எப்படி அளப்பது என்பதற்கு, குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண் கைகொடுத்தது. அதைப் பட்டாணி அளவு உருட்டி, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சட்டத்தில் ஒரு சாண் தொலைவுக்கு ஒன்றாக வைத்து, ஜன்னலைச் சாத்தித் தாழிட்டுப் பிறகு திறந்தேன். நசுங்கி நின்ற தடிமன்தான் இடைவெளி. வெர்னியர் அளவுகோலால் அளந்தபோது, ஒரே ஜன்னலில் கீல் பக்கம் 1.5 மி.மீ., தாழ்ப்பாள் பக்கம் 4 மி.மீ. என்று வந்தது. ஒரே பட்டையால் முழு ஜன்னலையும் அடைக்க முயன்றது ஏன் தோற்றது என்பது அப்போதுதான் புரிந்தது. இம்முறை நுரையைத் தவிர்த்து இ.பி.டி.எம். (EPDM) என்ற செயற்கை ரப்பர் பட்டைகள் வாங்கினேன். வெட்டுமுகம் ஆங்கில 'E' எழுத்து வடிவில் இருப்பது சிறிய இடைவெளிக்கும், 'P', 'D' வடிவங்களில் உள்ளே குழலாக இருப்பவை பெரிய இடைவெளிக்கும் ஏற்றவை. எந்த அளவுக்கு எது என்பது பொதியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கீல் பக்கம் ஒன்றும் தாழ்ப்பாள் பக்கம் இன்னொன்றுமாகக் கலந்து ஒட்டினேன்.

ஒட்டுவதைவிடத் துடைப்பதற்கே அதிக நேரம் எடுத்தது, எடுக்கவும் வேண்டும். பழைய பசையைச் சுரண்டி, சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, இறுதியில் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்த சட்டங்களில் ஒட்டிய பட்டை இன்றுவரை அசையவில்லை. சோம்பலால் வெறும் துணியால் துடைத்துவிட்டு ஒட்டிய ஒன்று மறுவாரமே தொங்கியது. பட்டையை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டினால் அது மெல்லச் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். மூலைகளில் வளைத்துச் செல்லாமல், வெட்டி முட்டக்கொடுத்து ஒட்டுவதே மேல்.

ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள அசையாத பிளவுகள் வேறு வகை வேலை. ஏற்கெனவே அங்கே பிளவடைக்கும் பசையான சிலிகான் பூசப்பட்டு ஆங்காங்கே பிளந்திருந்தது. அதன் மேலேயே புதிய சிலிகானை இழுத்தேன். பார்க்க நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் நகத்தால் தொட்டதும் நாடாவைப் போல நீளமாக உரிந்து வந்தது. அழுக்கேறிப் பிளந்த பழைய சிலிகானின் மேல் புதிய சிலிகான் சரியாக ஒட்டாது. பிறகு சுரண்டியும் கத்தியும் கொண்டு எல்லாவற்றையும் நீக்கி, உட்புறத்தில் மேலே பெயின்ட் அடிக்க முடிகிற அக்ரிலிக் சீலன்டையும் (பிளவடைக்கும் பசை), மழை படும் வெளிப்புறத்தில் மட்டும் புளித்த வாடை அடிக்காத, உலோகத்தை அரிக்காத வகைச் சிலிகானையும் பயன்படுத்தினேன். அக்ரிலிக் உலரும்போது சுருங்கும் என்பதால் சில இடங்களில் மறுநாள் இரண்டாம் முறை இழுக்க வேண்டியிருந்தது.

6 மி.மீ.க்கு மேல் அகலமான பிளவுகளில் முதலில் நுரைக் கயிறு ஒன்றைத் திணித்துவிட்டு அதன் மேல் சீலன்ட் பூசினேன். பிளவைவிடக் கால்பங்கு தடித்த கயிறாகப் பார்த்து வாங்கினால் அது தானாகவே இறுகி நிற்கும். சீலன்டின் ஆழம் பிளவின் அகலத்தில் பாதி இருந்தால் போதும். ஆழமாக அடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துச் செய்த ஒரு பிளவு, நடுவில் உலராமல் இரண்டு வாரம் கொழகொழவென்றே இருந்தது.

இந்தப் பகுதியில் இன்னொரு சேதத்தையும் பதிந்துவிடுகிறேன். ஒரு ஜன்னலின் நிலைக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு வெற்றிடம் இருந்தது. அதில் சாதாரணப் பாலியூரித்தேன் நுரையைத் தாராளமாக அடித்தேன். அது உப்பி, நிலையையே உள்பக்கம் தள்ளிவிட்டது. மறுநாள் ஜன்னல் திறக்கவில்லை. மரச்சட்டத்தை இழைப்புளியால் 2 மி.மீ. இழைத்துத்தான் மீண்டும் திறக்கவைத்தேன். கதவு, ஜன்னல் நிலைகளுக்கென்றே குறைவாக உப்பும் நுரை தனியாகக் கிடைக்கிறது. அதையும் குழியில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நுரை கையில் பட்டால் ஈரமாக இருக்கும்போதே அசிட்டோனில் துடைக்கலாம். உலர்ந்துவிட்டால் தோலோடு சேர்த்துத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை. கையுறை அணியாமல் வேலை செய்த எனக்கு அது ஐந்து நாள் அலங்காரமாக இருந்தது.

வாசற்கதவின் அடியில் 8 மி.மீ. இடைவெளி. பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் 900 மி.மீ. அகலக் கதவுக்கு அது 72 சதுர செ.மீ.; உள்ளங்கை அகலத்துக்குக் கதவில் ஒரு சதுரத் துளை போட்டதற்குச் சமம். அலுமினியத் தகட்டில் ரப்பர் நாக்கு பொருத்திய அடிப்பட்டையை வாங்கித் திருகினேன். தரை முழுவதும் ஒரே மட்டத்தில் இல்லாததால், கதவு பாதி திறந்ததும் ரப்பர் தரையில் உரசி நின்றது. ரப்பருக்குப் பதில் தூரிகை போன்ற மயிர்ப்பட்டை உள்ளதை மாற்றினேன். ரப்பர் அளவுக்கு அது காற்றைத் தடுப்பதில்லை என்றாலும் கதவு திறந்து மூடுகிறது. திருகுத் துளைகள் நீள்வட்டமாக இருப்பது பிறகு இறக்கி ஏற்றிக்கொள்ளத்தான். முதலில் எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிடாமல் நடுவில் நிறுத்தி, கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு இறுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கீழ் வெப்பமானி 17ஐத் தொட்டிருந்தது. இப்போது காற்று, சுவரும் தரையும் சேரும் இடத்தில், அடிப்பலகைக்குக் கீழிருந்து வந்தது. முன்பு அங்கே அவ்வளவாகக் காற்று இல்லை. ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் வருகிறதே என்று எரிச்சலோடு ஊதுபத்தியைக் கையில் பிடித்தபடி பரண் மூடிக்குக் கீழே நின்றபோது, யாரோ உறிஞ்சுவதைப் போலப் புகை நேராக மேலே ஏறி மூடியின் விளிம்பில் மறைந்தது. அன்று எந்த ஃபேனும் ஓடவில்லை. சூடான காற்று மேலே போய் அந்த இடுக்கில் வெளியேறிக்கொண்டே இருக்க, அதன் இடத்தை நிரப்ப வெளியிலிருந்து குளிர்காற்று கீழ்ப்பிளவுகள் வழியே நுழைந்துகொண்டிருந்தது. 60 செ.மீ. சதுர மூடியைச் சுற்றி 4 மி.மீ. இடைவெளி, கணக்கிட்டால் 96 சதுர செ.மீ., வாசற்கதவின் அடியைவிடப் பெரிது. முந்தைய இரண்டு சுற்றுச் சோதனைகளிலும் இந்த மூடி எனக்கு அகப்படாததற்குக் காரணம், நான் ஊதுபத்தியைத் தலைக்கு மேலே உயர்த்தவே இல்லை என்பதுதான்.

மறுநாளே பரணில் ஏறி, முதல் வாரம் விரித்த பஞ்சை ஒரு முனையிலிருந்து சுருட்டத் தொடங்கினேன். ஆங்காங்கே பஞ்சின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. அழுக்கு என்று நினைத்து ஒதுக்கிவிடாமல் அந்த இடத்துக்கு நேர் கீழே பார்த்தால், ஒவ்வொன்றிலும் ஒரு துளை: விளக்குக்கான மின்கம்பி இறங்கும் துளை, குளியலறைக் குழாய் ஏறும் துளை, உள்சுவரின் தலைப்பில் ஜிப்சம் பலகைக்கும் மரச்சட்டத்துக்கும் இடையே நீண்ட பிளவு. பஞ்சு வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிரக் காற்றைத் தடுக்காது. வடிகட்டியைப் போல ஊடே ஓடும் காற்றிலுள்ள தூசியைப் பிடித்துவைத்து, நான் தேடிய இடங்களையெல்லாம் கறுப்பு மையால் வட்டமிட்டுக் காட்டியிருந்தது. சில வாரங்களில் இவ்வளவு தூசியா என்றுதான் முதலில் தோன்றியது. தவறாக விரித்த பஞ்சால் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

மின்கம்பித் துளைகளை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அக்ரிலிக் சீலன்டால் அடைத்தேன். குழாயைச் சுற்றிய பெரிய துளைக்கு நுரை. வாட்டர் ஹீட்டரின் புகைபோக்கி உட்கூரையைக் கடக்கும் இடத்தில் மட்டும் நுரை, பஞ்சு இரண்டையும் நெருங்கவிடவில்லை. நுரை எரியும் பொருள். அங்கே மெல்லிய இரும்புத் தகட்டை இரு அரைவட்டங்களாக வெட்டிப் பொருத்தி, விளிம்பில் வெப்பம் தாங்கும் சீலன்ட் இட்டு, புகைபோக்கியோடு வந்த குறிப்பேட்டில் சொல்லியிருந்த இடைவெளிக்கு அப்பால் தகட்டுத் தடுப்பு ஒன்றும் நிறுத்தினேன். பரண் மூடிக்குச் சுற்றிலும் 'D' வடிவ ரப்பர், மேலே பசை இட்டு ஒட்டிய 100 மி.மீ. நுரைப்பலகை, மூடியை அழுத்திப் பிடிக்க இரண்டு கொண்டிகள். கொண்டி இல்லாமல் வெறும் எடையால் ரப்பர் அழுந்தும் என்று முதலில் எண்ணியது பலிக்கவில்லை. இந்த வேலைகளுக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. அன்றிரவு, பஞ்சு இன்னும் ஓரமாகச் சுருட்டிக் கிடக்கும்போதே, கீழ் வெப்பமானி 18ஐக் காட்டியது.

அதன் பிறகுதான் பஞ்சை மீண்டும் விரித்தேன். பழைய 100 மி.மீ. அடுக்கு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவிலும், அதன் மேல் புதிய 200 மி.மீ. அடுக்கு சட்டங்களுக்குக் குறுக்காகவும். மேலடுக்கு குறுக்கே போனால்தான் சட்ட மரங்களும் மூடப்படும். பஞ்சை அழுத்தித் திணித்தால் பயன் குறையும். அதற்குள் அடைபட்ட காற்றுதான் காப்பு. கூரையோரத்தில் காற்றோட்டத்துக்கான வழியை மறைக்காமல் 5 செ.மீ. இடைவெளி விட்டேன். அதை அடைத்தால் பரணில் ஈரம் தங்கி மரம் மட்கும். மின்கம்பிகள் பஞ்சுக்குள் புதைந்தால் சூடேறும் என்பதால், தளர்வாக இருந்தவற்றை மேலே தூக்கிவைத்தேன். உட்கூரையில் பதித்திருந்த இரண்டு விளக்குகளை மின்பணியாளரைக் கொண்டு, வெளியே தொங்கும் வகைக்கு மாற்றினேன். முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை நான்கும் இல்லாமல் கண்ணாடிப் பஞ்சைத் தொட வேண்டாம். வெட்டுவதற்குக் கத்திரிக்கோலைவிட, பலகையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நீளக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுப்பது எளிது.

இப்போது அந்த வெட்கக்கேடு. கசிவு தேடிய உற்சாகத்தில், சமையலறைச் சுவரில் இருந்த வலைச்சட்டத்தையும் ஒரு கசிவாகக் கருதி, அதற்கு எண் 17 கொடுத்துத் துணியால் அடைத்திருந்தேன். அது வாட்டர் ஹீட்டர் எரிவதற்கு வேண்டிய காற்று வரும் வழி. ஹீட்டரைப் பழுது பார்க்க வந்தவர் அந்தத் துணியைக் கண்டு முகம் மாறி, உடனே உருவி எடுத்தார். காற்று போதாமல் எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அன்றே அலாரம் ஒன்று வாங்கி மாட்டினேன். கசிவுகளை அடைத்து முடித்த வீட்டில் ஹீட்டரின் புகை சரியாக மேலே இழுபடுகிறதா என்று அவரையே மீண்டும் அழைத்துச் சோதித்த பிறகுதான் அதைப் பயன்படுத்தினோம்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் ஜன்னல் கண்ணாடிகளின் கீழ்ப்பாதியில் நீர் வழிந்தது. ஈரப்பதமானி 68 சதவீதம் காட்டியது. 20 டிகிரி அறையில் அந்த ஈரப்பதத்துக்கு, 14 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஒற்றைக் கண்ணாடி அதைவிடக் குளிர்ந்தே இருந்தது. முன்பு குளிரோடு சேர்ந்து ஈரமும் இடுக்குகள் வழியே போய்க்கொண்டிருந்தது. இப்போது அதை நாம்தான் வெளியேற்ற வேண்டும். குளித்த பின் ஃபேனை இருபது நிமிடம் ஓடவிடுவது, துணியை உள்ளே உலர்த்தாமல் இருப்பது, காலையிலும் மாலையிலும் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறப்பது என்று மூன்று பழக்கங்களால் அது 52க்கு இறங்கியது. மிகவும் குளிர்ந்த வடபுற ஜன்னலுக்கு மட்டும், சட்டத்தில் இருபக்கப் பசை நாடா ஒட்டி, சுருங்கும் பிளாஸ்டிக் தாளை விரித்து, முடி உலர்த்தியின் சூட்டில் இறுக்கினேன். ஒரு மணி நேர வேலை. குளிர்காலம் முடிந்ததும் கழற்றிவிடலாம்.

செலவைப் பங்காகச் சொன்னால், மொத்தத்தில் பாதிக்கு மேல் பஞ்சுக்குப் போனது. ரப்பர், சீலன்ட், நுரை, அடிப்பட்டை எல்லாம் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தூக்கி எறிந்த பொருட்கள் பத்தில் ஒரு பங்கு. மீதி, மின்பணியாளருக்கும் ஹீட்டர்காரருக்கும் அலாரத்துக்கும். ஆனால் கிடைத்த மூன்றரை டிகிரியில் இரண்டரை, பஞ்சு மீண்டும் விரியும் முன்பே, அந்தச் சிறிய பங்கிலேயே வந்துவிட்டது. மறுபடி செய்வதானால் பரண் மூடியிலும் துளைகளிலும் தொடங்கி, பிறகு பஞ்சு, பிறகு தரையோரம், வாசற்கதவு, கடைசியாக ஜன்னல்கள் என்று போவேன். முதல் நாளே களிமண்ணும் வெர்னியரும் கையில் இருக்கும்.

31 எண்களில், அந்த வலைச்சட்டமான எண் 17ஐ, டேப்பை உரித்துவிட்டு அப்படியே விட்டாயிற்று. எண் 23 மட்டும் இன்னும் ஒட்டியிருக்கிறது. சமையலறைத் தொட்டிக்குக் கீழே, குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம் அது. அலமாரியைக் கழற்றாமல் கை எட்டாது. தற்காலிகமாகப் பழைய நுரைப்பட்டைத் துண்டுகளைக் குச்சியால் தள்ளி அடைத்திருக்கிறேன்.